இப்பவும் அதேதானா?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. படிகள் இருபத்திரண்டு. பதினான்காவது படி மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயரம்; தெரியாதவர்கள் அங்கே இடறுவார்கள். நான் மொத்தம் முப்பத்தொரு தடவை ஏறியிருக்கிறேன். இத்தனையும் எண்ணி வைத்திருக்கிற நான், மேலே உட்கார்ந்திருந்தவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்ஜினியரிங் மாணவர்கள் அவரை அக்கா என்றார்கள். ஜெராக்ஸ்காரரும் அக்கா என்றார். நான் ‘ஏம்மா’ என்று கூப்பிட்டேன். நாற்பது வயதுக்கு இரண்டு கூடவோ குறையவோ இருக்கும். அதையும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசி வருடத்தில் ஒரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். செய்யத் தெரியாதவர்களும், செய்த சர்க்யூட்டை எரித்துவிட்டவர்களும் இந்த அறைக்கு வந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் கறுப்பு பர்தா தொங்கும். சல்வார் துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டு, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பேனா மாதிரி பிடித்துக்கொண்டு அவர் குனிந்திருப்பார். மணிக்கட்டில் கடிகாரம் கிடையாது. சுவரிலும் கிடையாது.

டீ வந்தால் பிஸ்கட்டை நனைப்பார். நனைத்த பிஸ்கட் எத்தனை நொடியில் அறுந்து விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விழுவதற்குச் சரியாக ஒரு கணம் முன்னால் எடுப்பார். நான் முயன்ற மூன்று தடவையும் என் பிஸ்கட் டம்ளரின் அடியில்தான் போய்ச் சேர்ந்தது.

அவரிடம் என்ன சொன்னாலும் உடனே பதில் வராது. கேட்பார். சுவரைப் பார்ப்பார். காது கேட்கவில்லையோ என்று நமக்குச் சந்தேகம் வரும்போது, நாம் சொன்னதையே திருப்பி நம்மிடம் வைப்பார்.

முதல் நாள் நான் மூச்சு விடாமல் எனக்கு வேண்டியதைச் சொல்லி முடித்தேன். மனத்துக்குள் ஏழு எண்ணினேன்.

“சார், நீங்க கேட்டது இப்பவும் அதேதானா?”

“ஏழு செகண்டுல என்னம்மா மாறும்?”

“மாறும் சார். நிறைய பேருக்கு மாறிடும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்து நான்கு வருடம் சாலையோரத்தில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணிய உத்தியோகம் எனக்கு. லாரி இத்தனை, பஸ் இத்தனை, சைக்கிள் இத்தனை என்று நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். வண்டி கடந்த பிறகு ‘அது இப்பவும் லாரிதானா’ என்று யாரும் கேட்டதில்லை.

நான் போனது என் மனைவிக்காக. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம், அதுவும் நடுங்கும். கட்டிலில் கிடந்தபடி என்னைக் கூப்பிட அவளுக்கு வேறு வழி இல்லை. கடையில் ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டினேன். ஒரு தடவை தொட்டால் நான்கு நொடிக்குக் குருவி கத்தும். என்ன வேண்டும் என்று குருவி சொல்லாது. ஒவ்வொரு தடவையும் நான் தண்ணீர், பெட்பேன், மாத்திரை என்று வரிசையாகக் காட்டி அவள் கண்ணைப் பார்ப்பேன். சரியானதைக் காட்டுவதற்குள் சில நாள் படுக்கை நனைந்துவிடும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

அதனால் ஒரு ஏற்பாடு யோசித்தேன். ஒரு தடவை அழுத்தினால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று என்றால் வலி, உடனே வா. சமையலறையில் ஒரு பெட்டி. அதில் சிவப்பில் அந்த எண் தெரிய வேண்டும், சத்தம் வர வேண்டும். நான் போய்ப் பார்த்துவிட்டு ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் எண் அணைய வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது.

அந்த வாரம் ஐந்து தடவை படியேறி அவரை விரட்டினேன். ஆறாவது தடவை பெட்டி தயாராக இருந்தது. கட்டிலிலிருந்து சமையலறை வரை பதினொரு மீட்டர் ஒயர் இழுத்து மாட்டினேன்.

மறுநாள் காலை பெட்டி மூன்று காட்டியது. குழம்புக் கரண்டியோடு ஓடினேன். மார்பைத் தொட்டேன், தலையைத் தொட்டேன், “எங்கே வலிக்கறது?” என்று நான்கு தடவை கேட்டேன். அவள் இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். அவள் அழுத்தியது ஒன்று. அடுத்த ஒன்றுக்கு ஐந்து காட்டியது. இரண்டுக்கு ஏழு காட்டியது. குருவியே தேவலை என்று ஆகிவிட்டது.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். “ஒண்ணுக்கு மூணு காட்டறது. என்ன வேலை செஞ்சிருக்கே?”

சுவர். ஏழு எண்ணிக்கை.

“இப்பவும் அதே மாதிரி காட்டுதா?” என்று கேட்டுவிட்டு அழுத்திப் பார்த்தார். நான்கு.

பிறகு கம்ப்யூட்டரில் எதையோ திறந்து வரி வரியாகப் பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். சிரித்தார் என்றே நினைக்கிறேன்.

“சார், சுவிட்சை அழுத்தினா உள்ள ரெண்டு தகடு தொடும். தொட்ட உடனே நிக்காது. குதிக்கும். நமக்கு ஒரு தடவை. உள்ள இருக்குற சிப்பு, மைக்ரோகண்ட்ரோலர்னு பேரு, ரொம்ப வேகம். குதிச்சதை எல்லாம் தனித்தனியா எண்ணிடும். அதனால ஒரு தடவை பாத்ததும் கொஞ்சம் நிறுத்தி வைக்கணும். இருபது மில்லிசெகண்ட் சும்மா இருந்துட்டுத் திரும்பப் பாக்கணும். அப்பவும் அழுத்தியே இருந்தாதான் நிஜம்.”

“அந்த இருபதுல அது என்ன செய்யும்?”

“ஒண்ணும் செய்யாது சார். எண்ணும்.”

என் உத்தியோகத்தைப் பற்றி அதுவரை ஒருவரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கணக்கைச் சொல்லச் சொன்னேன். ஒரு எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துப் பூஜ்யத்துக்கு வருமாம். ஒரு தடவை குறைக்க, ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம். இருநூற்றைம்பது தடவை குறைத்து, அதை இரண்டு முறை செய்து, அந்த இரண்டையும் இருபது முறை செய்தால் இருபது மில்லிசெகண்ட். பத்தாயிரம் எண்ணிக்கை. நான் சாலையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வராத எண்.

“அதை எழுத மறந்துட்டியா?”

“எழுதினேன் சார். எப்பவும் சிப்போட சொந்த பாஷையில எழுதுவேன். நீங்க அவசரப்பட்டீங்களேன்னு இந்த தடவை சி-ங்குற பாஷையில எழுதிட்டேன். நாம எழுதுறதை சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்துற கம்பைலர் இருக்குல்ல, அது இந்த வரியைப் பாத்துச்சு. சும்மா எண்ணுது, எண்ணி யாருக்கும் ஒண்ணும் குடுக்கல, இது எதுக்குன்னு தூக்கிப் போட்டுடுச்சு.”

“சும்மா இருக்கறதைத் தூக்கிட்டா மொத்தமும் தப்பாயிடுமா?”

“பாத்தீங்களே சார்.”

இந்த முறை சிப்பின் பாஷையிலேயே எழுதினார். அதில் ‘ஒன்றும் செய்யாதே’ என்றே தனியாக ஒரு கட்டளை உண்டாம். அதை நிறைவேற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றார்.

கீழே இறங்கியபோது ஜெராக்ஸ்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா சார், இப்பவும் அதேதானான்னு கேட்டுச்சா?”

“உங்களையும் கேக்கறதா?”

“வாடகையே குடுத்துட்டு, ‘நீங்க சொன்ன தொகை இப்பவும் அதேதானா’ன்னு கேக்கும் சார். அத்த வுடு. நிக்காஹ் பேசிகினு மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்கோ. எதுவும் வாணாம், பொண்ணு மட்டும் போதும்னாங்கோ. அல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாச்சு. இது இன்னா பண்ணுச்சு, பத்து நாள் கயிச்சு போன் போட்டு, ‘நீங்க சொன்னது இப்பவும் அதேதானா’ன்னு கேட்டுச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“ஒரு வண்டி மட்டும் வாங்கிக் குடுத்தா நல்லாருக்கும்னாங்கோ. சரிங்கன்னு போனை வெச்சுடுச்சு. அவ்ளோதான், முடிஞ்சுது. கேக்காம இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு புள்ளைங்க இருக்கும். பேஜார் புடிச்ச வாய் சார் அது.”

கேட்டது சரியா தவறா என்று பஸ்ஸில் குரோம்பேட்டை வரை யோசித்துக்கொண்டு வந்தேன். பதினொரு சிக்னல்... இல்லை, நிறுத்தங்கள் ஆறு, சிக்னல் ஐந்து.

புதிய சிப் என் விரலுக்குச் சரியாக வேலை செய்தது. அவளுடைய விரலுக்கு இல்லை. அவள் கை நடுங்கும்போது பொத்தானை விட்டு விட்டுத் தொடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். திரும்பப் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துவிட்டு, “நான் வந்து அம்மா விரலைப் பாக்கணும்” என்றார்.

வந்தார். அன்றைக்கு அவரோடு ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்ததை மறக்க முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கி சாலையைத் தாண்டினால், தண்டவாளத்தை ஒட்டி எங்கள் தெரு. இரண்டு வண்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தால் ஒரு மனிதன் கடக்கலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி அறிக்கையே எழுதியிருக்கிறேன். இவர் ஓரத்தில் நிற்பார். இடைவெளி வரும். பார்ப்பார். நிற்பார். திரும்பப் பார்ப்பார். அதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். ஒன்பது இடைவெளிகள் போயின. நான் பத்தாவதில் அவர் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அவர் கட்டிலின் அருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். “அம்மா, உங்க விரல் எப்படி வருதுன்னு பாக்குறேன்” என்று சொல்லி, பொத்தானுக்கும் அவள் விரலுக்கும் நடுவே தன் சுண்டுவிரலை வைத்தார். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அதற்குள் சமையலறைக்கும் அறைக்குமாகப் பதினான்கு தடவை நடந்தேன். “காபி?” என்று கேட்டேன். “ஃபேனைக் கூட்டட்டுமா?” என்று கேட்டேன்.

“உக்காருங்க சார்.”

“பரவாயில்லை.”

ஒரு தெர்மகோல் துண்டில் நான்கு சிப்புகளைக் குத்திக் கொண்டுவந்திருந்தார். ஐம்பது, நூறு, இருநூறு, முந்நூறு என்று ஸ்டிக்கர் ஒட்டி எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகப் பெட்டியில் மாற்றிப் பார்த்தார். நூறு வரை போதவில்லை. முந்நூறில் அவளுடைய மூன்று இரண்டாக விழுந்தது. இருநூறு நின்றது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு லட்சம் எண்ணிக்கை. என் மனைவியின் ஒரு அழுத்தலை நம்புவதற்கு அந்த மெஷின் ஒரு லட்சம் எண்ண வேண்டியிருந்தது. அன்று மாலை அவள் ஒன்று அழுத்தினாள், ஒன்று காட்டியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, வாயின் இடது பாதியால் சிரித்தாள்.

இருபத்தாறு நாள் ஒரு குறையும் இல்லை. படுக்கை ஒருநாளும் நனையவில்லை.

இருபத்தேழாம் நாள் நான்கு காட்டியது.

என் பட்டியலில் நான்கு இல்லை. ஓடிப்போய்த் தண்ணீர் காட்டினேன். பெட்பேன் காட்டினேன். மாத்திரை, ஜன்னல், போர்வை, தலையணை என்று பதினொரு பொருளைக் காட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் இரண்டு நான்கு. அதற்கடுத்த வாரம் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. ஒவ்வொரு தடவையும் பதினொன்றையும் காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர். மொத்தம் இருபத்து மூன்று ஆனதும் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அறையில் மூன்று மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்தேன். மெஷின் பொய் சொல்கிறது என்றேன். ஊமையாகக் கிடக்கிறவளின் உயிரோடு விளையாடுகிறாய் என்றேன். கடைசியாக, “பொம்பளை கையில இந்த வேலையைக் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்” என்றேன்.

அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். சுவரைப் பார்த்தார். மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“இப்பவும் அதேதானா சார்?”

அவர் எனக்கு அவகாசம் கொடுத்தார் என்பது இப்போது புரிகிறது. அப்போது நான், “ஆமாம். அதேதான்” என்றேன்.

ஒரு பையன் எழுந்தான். “தாத்தா, ஓவரா பேசாதீங்க. அக்கா இல்லன்னா எங்க காலேஜே பாஸ் ஆகாது.”

“உக்காருடா” என்றார் அவர்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இருபத்து நான்கு தடவை ஏறி இறங்கிய படிகள். பதினான்காவதில் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். ஜெராக்ஸ்காரர் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் அவர் நின்றார். ஜி.எஸ்.டி. சாலையைத் தனியாகக் கடந்து வந்திருந்தார். எவ்வளவு நேரம் ஓரத்தில் நின்றாரோ.

“பெட்டியை மாட்டுங்க சார். நான் அம்மாவைப் பாக்குறேன்.”

மாட்டினேன். அவர் பெட்டியைத் தொடவில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் சமையலறையில் சத்தம் வந்தது. நான்கு. நான் தண்ணீரோடு ஓடினேன். அறை வாசலில் அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க இருங்க சார்.”

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எதையும் காட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. என் மனைவியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு எலெக்ட்ரிக் ரயில் போனது. இன்னொன்று போனது. தாம்பரம் பக்கமிருந்து ஒரு எக்ஸ்பிரஸ். டம்ளரில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டியது என் கைதான். ஐந்தாவது ரயில் போனபோது கவனித்தேன். நடுக்கம் வந்த நாளிலிருந்து விழித்திருக்கையில் ஓயாத அவளுடைய இடது கை, போர்வைமேல் அசையாமல் கிடந்தது. அவள் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து வந்ததும் கேட்டேன். “என்ன வேணுமாம்?”

“ஒண்ணும் வேணாமாம் சார்.”

“ஒண்ணும் வேண்டாம்னா எதுக்கு அழுத்தணும்? உன் மெஷின்தான்...”

“மூணுக்கு அழுத்துறப்ப அம்மா விரல் ஓடுது சார். நாலுக்கு ஓடல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நிதானமா அழுத்துறாங்க. அது தப்பி வந்த நாலு இல்ல. யோசிச்சு அழுத்துற நாலு.”

சமையலறைச் சுவரில் நான் ஒட்டியிருந்த பட்டியலின் முன்னால் போய் நின்றார். 1 – தண்ணீர். 2 – பாத்ரூம். 3 – வலி. பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலை எடுத்து, அதன் கீழே எழுதினார்: 4 – சும்மா.

முந்தின நாள் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சாலை வரை கூடவே போய், இரண்டாவது இடைவெளியிலேயே அவரை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சும்மா உட்கார எனக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்று மாலை நான்கு வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். “தண்ணி வேணுமா?” என்றேன். ஃபேனின் சுற்றுகளை எண்ணினேன். போர்வையை இழுத்துவிட்டேன். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சமையலறையில் மறுபடி சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நான்கு. நான் பக்கத்தில் இருக்கும்போதே அழுத்தியிருக்கிறாள். திரும்பி வந்தபோது அந்தப் பாதிச் சிரிப்பு.

முதலில் ஒரு ரயில் போகும் வரை உட்கார முடிந்தது. பிறகு இரண்டு. இருநூறு மில்லிசெகண்டும் எனக்கு அசாத்தியம் என்று அவளுக்குத் தெரியாதா, நாற்பத்தொரு வருடம் கூட இருந்தவளுக்கு. கடைசி மாதங்களில் ஏழு ரயில் வரை வந்துவிட்டேன். ரயில்களை எண்ணினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழவில்லை.

பதினான்கு மாதம் அந்தப் பெட்டி வேலை செய்தது. அப்புறம் அழுத்த ஆள் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஒயரைச் சுருட்டி, பொத்தானையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு முப்பத்தொன்றாவது தடவை படியேறினேன். அவர் தனியாக இருந்தார். குனிந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். என் வெறும் நெற்றியைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இதைத் திருப்பிக் கொடுக்கலாம்னு வந்தேன்மா. வேற யாருக்காவது உபயோகப்படும்.”

சுவர். நான் எண்ணவில்லை. வரப்போகும் கேள்வி தெரிந்ததால் எண்ணத் தோன்றவில்லை.

“இப்பவும் அதேதானா சார்? குடுத்துடணுமா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெட்டியை மேஜைமேல் வைத்தேன். வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக பிளக்கைச் சொருகினேன். பொத்தான் என் கையில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிதானமாக அழுத்தினேன்.

சத்தம் வந்தது. சிவப்பில் எண் எரிந்தது.

அவர் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினார். காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவன் ஓடிவந்து வாசலில் நின்றான். “அக்கா, நாளைக்கு ரிவ்யூ, போர்டு...” அவர் உள்ளங்கையைக் காட்டினார். அவன் படியிலேயே உட்கார்ந்துகொண்டான். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

எழுந்தபோது நானே பச்சைப் பொத்தானை அழுத்தி அந்த நான்கை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, பெட்டியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அயர்னைச் சூடேற்றப் போட்டார். இருபத்திரண்டு படிகளையும் எண்ணி இறங்கினேன். பதினான்காவதில் மட்டும் கொஞ்சம் நின்று, திரும்பப் பார்த்து, காலை வைத்தேன்.